மகன் காத்த முற்றமும் பேரன் பிரித்த மாளிகையும்

பிரான்சின் 13-ஆம் லூயி மன்னர் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள வேர்சாய் என்னும் சிற்றூரில் தமக்கென ஒரு சிறிய வேட்டை மனையைக் கட்டத் தொடங்கிய 1623-ஆம் ஆண்டிலேயே, மதுரையில் திருமலை நாயக்கர் அரசேறினார். செங்கல்லும் கல்லும் கலந்து 1631-க்கும் 1634-க்கும் இடையில் விரிவாக்கப்பட்ட அந்த வேட்டை மனை, மூன்று பக்கம் கட்டடமும் கிழக்கே திறந்த முற்றமும் கொண்டிருந்தது. மதுரையிலோ, 1636-ஐ ஒட்டி எழுந்த அரண்மனை, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத வகையில் தன் முற்றத்தை நடுவே பொதிந்து வைத்திருந்தது. நாற்சார் வீடு, அதாவது நான்கு புறமும் தாழ்வாரம் சூழ நடுவில் வானம் பார்த்த முற்றம் உடைய வீடு, யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. மதுரை மாளிகையின் அடிப்படை அமைப்பும் அதுவே, அளவும் அலங்காரமும்தான் வேறு.

அம்முற்றத்தைச் சூழ்ந்த பகுதி சொர்க்கவிலாசம் எனப்பட்டது. இலங்கையில் இன்று கடித உறையின் மேல் எழுதும் முகவரியைக் குறிக்கும் 'விலாசம்' என்ற சொல், இங்கே களிப்பும் பொலிவும் நிறைந்த மண்டபத்தைக் குறிக்கிறது. ஒருவர் கைகளால் வளைத்துப் பிடிக்க இயலாத பருமனுடைய தூண்கள் வளைவுகளைத் தாங்க, அவ்வளைவுகளுக்கு மேல் குவிமாடங்கள் எழுகின்றன. தூண்களின் மேற்பூச்சு சுதையால் ஆனது. சுண்ணாம்பையும் மணலையும் நுணுக அரைத்துப் பூசி, பளிங்குபோல மின்னும்வரை தேய்த்து மெருகேற்றும் இந்த வேலைப்பாடே மதுரைக் கொத்தர்களின் உண்மையான பெருமை. இத்தாலியர் ஒருவர் இம்மாளிகையை வடிவமைத்தார் என்ற பேச்சு நெடுங்காலமாக வழங்கினாலும், வளைவும் குவிமாடமும் தக்காணச் சுல்தான்களின் கட்டடங்கள் வழியாக வந்து, யாளியும் தெய்வ உருவும் வடிக்கத் தெரிந்த உள்ளூர்க் கைகளில் புது வடிவம் பெற்றன என்று கொள்வதே பொருத்தமாகும்.

இவ்விரு மாளிகைகளின் விதியும் அடுத்த தலைமுறைகளில் பிரிந்தது. 1661 முதல் வேர்சாயைப் பெருக்கிய 14-ஆம் லூயி, தந்தையின் பழைய மனையை இடித்துவிடலாம் என்ற ஆலோசனை எழுந்தபோதும் அதற்கு இணங்கவில்லை; ஆகவே லூயி லெ வோ என்ற கட்டடக்கலைஞர், பழைய மனையைத் தோட்டப் பக்கங்களில் புதிய கட்டடத்தால் உறைபோலச் சூழ்ந்தார். கறுப்பும் வெள்ளையுமான பளிங்குத் தளம் பெற்ற அந்தப் பழைய முற்றமே பளிங்கு முற்றம். அதற்கு முன்னே அகன்ற முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, உள்ளே வர வரக் குறுகி, 1701 முதல் அரசரின் படுக்கையறை அமைந்த நடுப்பகுதியில் சென்று முடிகின்றன.

மதுரையில் நேர்ந்தது மறுதலை. 1659-இல் ஆட்சிக்கு வந்த பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அங்கே தமக்கு மாளிகை அமைக்க விரும்பி, பாட்டனாரின் அரண்மனையைப் பிரித்து அதன் சிற்ப வேலைப்பாடுகளையும் மரங்களையும் கொண்டுசென்றார். பிற்காலத்தில் கண்டியை ஆண்ட அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்டு, 1739 முதல் 1815 வரை அந்த அரியணையிலும் அமர்ந்த மதுரை நாயக்கர் வழியினரின் வரலாற்றை அறிந்த இலங்கை வாசகர்க்கு, அந்த வழியின் மூலநகரில் இப்பெரிய மாளிகை இப்படிச் சிதைந்தது மனத்தை உறுத்தும்.

எஞ்சிய பகுதியும் பாழடைந்து கிடந்த நிலையில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க முனைந்தார். அதன்பின் மாவட்ட நீதிமன்றம் அங்கே இயங்கியது. இன்று பார்வையாளர் காணும் சொர்க்கவிலாசமும் அதன் முற்றமும் பழைய மாளிகையின் ஒரு சிறு பங்கே. திருமலை நாயக்கரின் தம்பி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ரங்கவிலாசம் மறைந்துவிட்டது. அரண்மனைக்கு வடக்கே, கடைகள் நெருங்கிய சந்து ஒன்றில் கூரையின்றி நிற்கும் பத்துப் பெருந்தூண்கள் மட்டும் எஞ்சியுள்ளன; அவற்றால் அத்தெரு இன்றும் பத்துத்தூண் சந்து என்று அழைக்கப்படுகிறது.