ஒட்டுத்துணியும் உழைப்பின் வரலாறும்: நாவலப்பிட்டிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மலையக மக்களின் வரலாறு பற்றிய ஆய்வுகள் நிலம், கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் என்பவற்றையே பெரும்பாலும் ஆதாரமாகக் கொண்டுள்ளன. அவ்வாய்வுகளின் பெறுமதி குறைத்து மதிப்பிடற்பாலதன்று. ஆயினும், உழைப்பாளியின் உடலை மூடிய துணி எவ்வாறு கிடைத்தது, அது கிழிந்தபின் யாது ஆயிற்று என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. பறித்த கொழுந்தின் நிறை செக்ரோலில் பதியப்பட்டது. இரவில் விளக்கொளியில் கந்தலைக் கந்தலோடு இணைத்துக் குழந்தைக்குப் போர்வை தைத்த அதே கையின் வேலை எங்கும் பதியப்படவில்லை. பதிவு பெறாத அவ்வுழைப்பைப் பற்றிச் சில கருத்துகளை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவலப்பிட்டி இவ்விடயத்தை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். கண்டியிலிருந்து தெற்கு நோக்கி நீண்ட புகையிரதப் பாதை 1874ஆம் ஆண்டு இவ்வூரை அடைந்தது. 1884இல் அது ஹற்றன் வரை நீடிக்கப்படும்வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நாவலப்பிட்டியே பாதையின் முடிவிடமாக இருந்தது. டிம்புள்ள, டிக்கோயாப் பகுதிகளுக்குச் செல்லும் ஆட்களும் பண்டங்களும் இங்கு இறங்கி, நடையாகவும் வண்டியிலும் மலையேற வேண்டியிருந்தது. கோப்பி இலைநோய் 1869இல் தோன்றியதன் விளைவாகக் கோப்பி வீழ்ச்சியுற்றுத் தேயிலை எழுச்சி பெற்ற காலமும் இதுவேயாம். மேலும், தென்மேற்குப் பருவமழை இப்பிரதேசத்தில் மிகக் கடுமையாகப் பொழிவது. வறண்ட தமிழக மாவட்டங்களிலிருந்து மெல்லிய பருத்தித் துணியுடன் வந்த மக்களுக்கு இம்மழையும் குளிரும் புதியனவாக இருந்தன. எனவே இங்குப் போர்வை என்பது உயிர்வாழ்வின் நிபந்தனையாயிற்று.

இத்தேவையைத் தோட்ட நிர்வாகமும் அறிந்திருந்தது. ஆகவேதான் ஆங்கில ஆவணங்களில் தமிழ்ச் சொல்லாகவே இடம்பெறும் 'கம்பளி' தொழிலாளருக்கு வழங்கப்பட்டது. ஆயின் அது கொடையன்று. அரிசியைப் போலவே கம்பளியின் விலையும் அவர்தம் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. தொழிலாளி குளிரைத் தாங்கப் போர்த்தியது தன் கடனின் ஒரு பகுதியையே எனலாம். இவ்விடத்தில் 'துண்டு' என்னும் சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. தமிழில் துண்டு என்பது வெட்டிய துணியையும் குறிக்கும். சிறு சீட்டையும் குறிக்கும். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளியின் கடன்தொகை எழுதப்பட்ட சீட்டே தோட்டங்களில் 'துண்டு' எனப்பட்டது. அத்தொகையைச் செலுத்தும் புதிய தோட்டத்துக்கு அவன் உரியவனானான். இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது. கங்காணியின் கையிலிருந்த துண்டு மனிதரைக் கட்டிப்போட்டது. பெண்ணின் கையிலிருந்த துண்டு குடும்பத்தைக் குளிரிலிருந்து காத்தது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவினதாகிய லயக் காம்பராவில் எந்தத் துணியும் ஒரு பயனோடு நின்றுவிடுவதில்லை. சேலை முதலில் உடையாகும், நைந்தபின் ஏணையாகும், பிள்ளைக்காம்பராவில் தொட்டிலாகத் தொங்கும், பின்னர் மடித்துத் தைத்த விரிப்பாகும், ஈற்றில் அடுப்பங்கரைக் கந்தையாகும். கிழிசலை அறிந்து பயன்கொள்ளும் நுட்பம் இதில் உண்டு. சேலையின் நடுப்பகுதி உட்காருவதாலும் துவைப்பதாலும் முதலில் நையும்; நெருக்கமாக நெய்யப்பட்ட கரை நெடுநாள் உழைக்கும். ஆதலின் நைந்த பகுதிகள் உள்ளடுக்காகவும், கரைகள் ஓரத்து வலுவாகவும் அமைக்கப்படும். அடுக்குகளை ஊசி ஏறி இறங்கும் ஓட்டுத் தையல் ஒன்றாகப் பிணிக்கும். தையல் வரிசைகள் நெருங்க நெருங்க அடுக்குகள் நழுவாது நிற்கும். அடுக்குகளிடையே சிறைப்படும் காற்றே வெப்பத்தைக் காக்கும். புதிய பருத்தித் துண்டு நீர்பட்டால் சுருங்கும். ஆதலால் அதனை முன்னரே நனைத்து உலர்த்தாது பழந்துணியோடு தைத்தால், முதற் சலவையிலேயே பழந்துணி இழுபட்டுக் கிழியும். ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவு தாயிடமிருந்து மகளுக்குக் கைவழியாகவே சென்றது.

ஒட்டுத்துணிக்கு மதிப்பான மரபுகள் நம் சூழலில் இல்லாமலில்லை. பௌத்த பிக்குவின் சீவரம் துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவது. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைப் பார்த்து அதன் வடிவத்தை ஆனந்தர் வகுத்தார் என வினயபிடகம் கூறும். மழைக்கால வாசத்தின் முடிவில் வழங்கப்படும் கடின சீவரம் ஒரே நாளில் தைத்து முடிக்கப்படவேண்டும் என்பது விதி. நாவலப்பிட்டியைச் சூழ்ந்த சிங்களக் கிராமங்களின் விகாரைகளிலும் இவ்வழக்கம் தொடர்கின்றது. கண்டி இராச்சியத்தின் கலைகளை ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியான தம் பெருநூலில் தையற் கலைக்கும் இடமளித்தார். தஞ்சை, கும்பகோணப் பகுதிகளில் தேருக்குத் தொங்கவிடப்படும் தொம்பைகளும் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தவையே. துறவும் அரசும் கோயிலும் சார்ந்த ஒட்டுவேலைக்குப் பெயரும் நூலும் கிடைத்தன. வறுமை சார்ந்த ஒட்டுவேலைக்கோ 'கந்தல்' என்ற இழிபெயரே கிடைத்தது. இங்குத் தொழில்நுட்பத்தில் வேறுபாடு பெரிதன்று; வேறுபாடு தைத்தவரின் வர்க்க நிலையிலேயே உள்ளது.

பிற நாட்டு அனுபவங்கள் இதனை மேலும் தெளிவாக்கும். கர்நாடகத்தில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களாகிய சித்திப் பெண்கள் 'கவந்தி' என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கி மையம் நோக்கிச் சுற்றிச் சுற்றிக் கையாலேயே தைப்பர். மூலைகளில் மடித்த சிறு துணிப்பூக்களை வைப்பர். ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள், பருத்திப் பெருந்தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தோரின் சந்ததியினர். வயலில் நைந்த வேலையுடைகளைப் பிரித்து அவர்கள் போர்வை தைத்தனர். 1966இல் அப்பகுதிப் பெண்கள் சிவில் உரிமை இயக்கத்தின் எழுச்சியோடு ஒரு தையற் கூட்டுறவை நிறுவினர். 2002இல் அவர்களின் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் கலைக்கூடங்களில் காட்சிப்படுத்தப்பட்டன. சிலி நாட்டில் 1973ஆம் ஆண்டு இராணுவப் புரட்சியின் பின் காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் துணித்துண்டுகளைத் தைத்துச் சித்திரமாக்கி, அடக்குமுறைக்குச் சாட்சியம் கூறினர். பெருந்தோட்டமும் அடக்குமுறையும் எங்கெங்கு இருந்தனவோ அங்கெல்லாம் ஊசியும் நூலும் பெண்களின் எழுதுகோலாயின என்பது இவற்றால் பெறப்படும்.

மலையகத்தில் இம்மரபு இருமுறை மாற்றமுற்றது. 1970-77 காலப்பகுதியின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் துணி அருமையாயிற்று. 1973-74இல் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியபோது ஒவ்வொரு கந்தையும் பெறுமதி பெற்றது. 1977இன் திறந்த பொருளாதாரம் மலிந்த செயற்கை இழைத் துணிகளைக் கொணர்ந்தது. அவை எளிதில் கிழியா; ஆயின் ஈரத்தை உறிஞ்சுவதுமில்லை. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதும், 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டம் வகுக்கப்பட்டதும் அடுத்த மாற்றத்தைத் தோற்றுவித்தன. கொழுந்து பறித்தவளின் மகள் இன்று ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்கிறாள். ஏற்றுமதி ஆடையின் வெட்டுத்துண்டுகள் நிறைக்கு விற்கப்பட்டு, வீடுகளில் கால்துடைப்பானாகவும் விரிப்பாகவும் உருப்பெறுகின்றன. முன்னர்த் துண்டு தன் குடும்பத்தின் சேலையிலிருந்து கிழிந்தது. அதில் ஒரு நினைவு இருந்தது. இன்றைய துண்டு அறியாத ஒருவர் அணியவிருக்கும் ஆடையின் மிச்சம். எனினும் இணைக்கும் கை அதே கைதான். அதற்குரிய கூலி இன்றும் அற்பமே. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இலேயே கிடைத்தது என்பதை நினைவுகூர்ந்தால், வீட்டுத் தையலுக்கு மதிப்பு ஏன் கிடைக்கவில்லை என்பது விளங்கும்.

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அங்கு இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லர் தொடர்பான பொருள்களும் பேணப்படுகின்றன. கம்பளைக்கு அண்மையில் 2007இல் பழைய லயமொன்றில் தொழிலாளருக்கெனத் தனி நூதனசாலை அமைக்கப்பட்டமை வரவேற்கத்தக்க திருப்பமாகும். ஆயினும் இரும்பு நிலைக்கும், துணி மட்கும். தைத்தவர்களின் தலைமுறையும் மறைந்துவருகின்றது. ஆகவே, எஞ்சியுள்ள விரிப்புகளைச் சேகரித்தல், அவற்றின் ஒவ்வொரு துண்டும் எவருடைய உடையிலிருந்து வந்தது என்பதை முதியோரிடம் கேட்டுப் பதிதல், தையல் முறைகளுக்கு அப்பெண்கள் வழங்கும் பெயர்களைத் தொகுத்தல் ஆகிய பணிகள் தாமதிக்கத்தக்கனவல்ல. பேராதனைக்கு அண்மையிலேயே உள்ள நாவலப்பிட்டித் தோட்டங்களில் நம் மாணவர் ஒரு விடுமுறையிலேயே இதனைத் தொடங்கலாம். செக்ரோல் சொல்லாததை ஒரு பழம்போர்வை சொல்லக்கூடும்; அதனைப் படிக்கக் கற்றுக்கொள்வது வரலாற்று மாணவரின் கடமையாகும்.