வயிற்றைக் கீறாத வழி: புரொஸ்ரேற் சத்திரசிகிச்சையின் வரலாறு

முதுமையில் ஆண்களுக்கு வரும் துன்பங்களுள் வாய்விட்டுச் சொல்லப்படாதது சிறுநீர்த் தடையாகும். சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்வழியைச் சுற்றி அமைந்துள்ள புரொஸ்ரேற் சுரப்பி வயதோடு பருக்கின்றது. அறுபது வயதளவில் ஏறக்குறைய அரைவாசி ஆண்களிடம் இவ்வீக்கம் காணப்படும். இது புற்றுநோயன்று. ஆயினும் வழி நெருக்கப்படுவதால் சிறுநீர் மெலிந்து பிரிகின்றது. இரவில் பலமுறை எழ நேர்கின்றது. சிலருக்கு ஒருநாள் முற்றாகவே அடைத்துக்கொள்கின்றது. இதற்கு மருத்துவம் விடை தேடிய வரலாற்றை எமது குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நோயாளிக்குக் கிடைத்த முதன்மையான உதவி, சிறுநீர்வழியாகச் செலுத்தும் குழாய் ஒன்றே. கிருமிகள் பற்றிய அறிவு பரவாத அக்காலத்தில் அக்குழாயே பலருக்கு நஞ்சாயிற்று. 1893இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் வைற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விதைகளை அகற்றினால் சுரப்பி சுருங்கும் என எடுத்துரைத்தார். முதியோர் பலர் அதற்கும் உடன்பட்டனர் என்றால் அவர்கள் பட்ட வேதனையை நாம் ஊகிக்கலாம்.

1890களில் நியூயோர்க்கில் யூஜின் புல்லரும், 1900இல் இலண்டனில் பீற்றர் பிறையரும் அடிவயிற்றைக் கீறி, சிறுநீர்ப்பையைத் திறந்து, வீங்கிய பகுதியை விரலால் தோண்டியெடுத்தனர். பிறையர் இந்திய மருத்துவ சேவையில் நெடுங்காலம் பணியாற்றிய ஐரிஷ்காரர். 1945இல் ரெறன்ஸ் மிலின், சிறுநீர்ப்பையைத் திறவாமலே சுரப்பியை அடையும் முறையை வெளியிட்டார். உயிர்கள் காக்கப்பட்டன. ஆயினும் ஆழமான காயமும் குருதியிழப்பும் தளர்ந்த உடல்களுக்குப் பெருஞ்சோதனையாயின.

இயற்கை தந்த வழியூடாகவே உள்ளே செல்ல இயலாதா என்ற கேள்வியும் இதே காலத்தில் எழுந்திருந்தது. 1877இல் ஜேர்மனியரான மக்சிமிலியன் நிற்சே, சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காணும் ஒளிக்கருவியைச் செய்துகாட்டினார். 1909இல் அமெரிக்கரான ஹியூ யங், சிறுநீர்வழியாகச் செலுத்தி அடைப்பை வெட்டும் கருவியை அறிமுகஞ் செய்தார். 1912இல் அவரிடம் சுகம்பெற்ற செல்வந்தர் ஜேம்ஸ் பிறேடியின் நன்கொடையால் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சிறுநீரகவியல் நிலையமொன்று 1915இல் திறக்கப்பட்டது. 1926இல் மக்சிமிலியன் ஸ்ரேர்ன் மின்சாரக் கம்பி வளையம் கொண்ட கருவியை உருவாக்கினார். 1930களில் ஜோசப் மக்கார்த்தி அதனைச் செம்மைப்படுத்தினார். தேங்காயின் உட்பருப்பைத் துருவியெடுத்துச் சிரட்டையை விட்டுவிடுவது போன்றதே இம்முறை: வெளியே தழும்பில்லை. 1959இல் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் வகுத்த கண்ணாடித்தண்டு வில்லைகள் மருத்துவரின் பார்வையை மேலும் தெளிவாக்கின.

1990களில் நியூசிலாந்தில் பீற்றர் கிலிங் குழுவினர் ஹோல்மியம் லேசர்க் கதிரால், தோடம்பழத்தின் தோலை விட்டுச் சுளைகளைக் கழற்றுவதுபோல் வீக்கத்தை முழுதாகக் கழற்றும் முறையை வளர்த்தனர். மிகப் பருத்த சுரப்பிக்கும் வயிற்றைக் கீறவேண்டிய தேவை இதனாற் குறைந்தது. சுரப்பியை இழுத்து ஒதுக்கும் நுண்கொளுவிகள் 2013இலும், நீராவியாற் சுருக்கும் முறை 2015இலும், நீர்த்தாரையால் அரிந்தெடுக்கும் முறை 2017இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

காயம் சிறுத்த அளவுக்குக் கூச்சம் சிறுக்கவில்லை. 1963 ஒக்டோபரில் பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் மக்மில்லன் இவ்வீக்கத்துக்குச் சத்திரசிகிச்சை பெற்று, அம்மாதமே பதவி துறந்தார். பின்னர் அவர் 92 வயது வரை வாழ்ந்தார். 2024 ஜனவரியில் மன்னர் சார்ள்ஸ் தமக்கு இச்சிகிச்சை நடைபெறவிருப்பதை முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்தார். உடனே பிரித்தானியச் சுகாதார சேவையின் இணையத்தளத்தில் இந்நோய் பற்றித் தேடியோர் தொகை பன்மடங்காயிற்று. பலர் கேட்கத் துணியாதிருந்த கேள்விக்கு ஒருவரின் வாய்ச்சொல் கதவு திறந்தது.

எமது முதியோருக்கோ கூச்சத்தோடு மொழியும் ஒரு தடையாக நிற்கின்றது. மகளையோ பேத்தியையோ அருகில் வைத்துக்கொண்டு ஒரு தந்தை இதனை எங்ஙனம் சொல்வார்? பல நாடுகளில் வைத்தியசாலையே மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யும். ஆணொருவர் வேண்டுமென்றும் கேட்கலாம். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. மாத்திரைகளே போதுமானவர்களும் உளர். துருவியெடுத்தபின் விந்து வெளிவராது சிறுநீர்ப்பைக்குள் திரும்புவது சாதாரணம். புதிய எளிய முறைகளிற் சில, பின்னர் மீண்டும் சிகிச்சையை வேண்டுவன. இவற்றையெல்லாம் கேட்டறிந்தே தெரிவு செய்தல் வேண்டும். சிறுநீர் முற்றாக அடைத்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. குருதி கலந்தால் தாமதியாது மருத்துவரைக் காண்க.

நூறாண்டுக்கு மேலாகப் பலர் உழைத்துத் திறந்த வழி இது. எம் வீட்டுப் பெரியவர் இரவில் அடிக்கடி எழுந்து நடமாடும் ஓசை கேட்டால், 'வயதாயிற்று' என்று விட்டுவிடாது, இதமாக விசாரிப்போம்.