மாறுவேஷமும் மொபைல் பூட்டும்

1689. ஔரங்கசீப்பின் படைகள் சிவாஜியின் இளைய மகன் ராஜாராமை வலைவீசித் தேடிக்கொண்டிருந்தன. அவரோ யாத்ரீகர் வேஷத்தில் பன்ஹாலா கோட்டையிலிருந்து கிளம்பி, நம் செஞ்சிக் கோட்டைக்கே வந்து சேர்ந்துவிட்டார்! ஆளை அடையாளம் காண அன்றைக்கு இருந்த ஒரு கருவி காவலாளியின் கண். அதை ஏமாற்ற ஒரு வேஷம் போதும்.

மொபைலிடம் அந்தப் பாச்சா பலிக்குமா? 2017-ல் வந்த ஐபோன் எக்ஸ், கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகளை முகத்தில் வீசி, மேடுபள்ளங்களை அளந்தது. தாடி வளர்த்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடும். அதே ஆண்டு வந்த சாம்சங் எஸ்8, கருவிழியைப் பார்த்துத் திறந்தது. ஜெர்மனியின் 'கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்' சும்மா இருக்குமா? கண்ணை போட்டோ எடுத்து, அச்சடித்து, மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸை வைத்துக் காட்டியது. பூட்டு திறந்துகொண்டது!

செஞ்சி வந்ததும் ராஜாராம் வேஷத்தைக் கலைத்துவிட்டார். பாஸ்வேர்டு திருடுபோனால் நாமும் வேறு வைத்துக்கொள்ளலாம். கண் திருடுபோனால்?