ஃபயர் அண்ட் ஐஸ் (1983)

ரால்ஃப் பக்‌ஷி இயக்கி, ஓவியர் ஃபிராங்க் ஃபிரசெட்டாவுடன் சேர்ந்து தயாரித்த அமெரிக்க மாயாஜால அனிமேஷன் படம். பனிப்பாறையை ஏவி ஊர்களை நசுக்கும் நெக்ரான், கடத்தப்படும் இளவரசி டீக்ரா, ஊரை இழந்த இளைஞன் லார்ன் ஆகியோரைச் சுற்றியது கதை. டீக்ரா பிடிபடுவதும் தப்புவதுமாகவே பெரும்பகுதி கழிகிறது. முகமூடி வீரன் டார்க்வுல்ஃபுக்கு நெக்ரான்மீதுள்ள பகைக்குக் காரணம்கூடச் சொல்லப்படுவதில்லை. திரைக்கதையின் இந்தப் பலவீனத்தை மறுப்பதற்கில்லை. ஆனாலும் படத்தை ஒதுக்கிவிட முடியாது. நடிகர்களைப் படம்பிடித்து, அதன்மேல் ஃபிரேம் ஃபிரேமாக வரைந்ததால், லார்ன் ஓடும்போதும் குதிக்கும்போதும் உடலின் எடை கண்ணுக்குத் தெரிகிறது. இது வெறும் நகலெடுப்பு என்பார்கள். ஆனால் எந்தக் கோட்டை வைப்பது, எதை விடுவது என்பது ஓவியரின் முடிவு; ஜேம்ஸ் கர்னியும் தாமஸ் கின்கேடும் தீட்டிய பின்னணிகளோ எந்த நகலிலிருந்தும் வந்தவையல்ல.