வெப்பம் கண்ட பவளங்கள்

"பவளம் கல்லா, உயிரா ஐயா?" என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னை ஒருமுறை வினவினான். நவமணிகளுள் ஒன்றாகவே பவளத்தைப் பயிற்றுவித்து வந்த எனக்கு அவ்வினா சற்றே நாணத்தைத் தந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் பவளப்பாறைகளைக் கல்லென்றே வெட்டியெடுத்து, நெடுங்காலம் சுண்ணாம்புக் காளவாயில் இட்டனர் நம்மவர். உண்மையில் அவை, எண்ணற்ற சிற்றுயிர்கள் தம் உடலினின்று சுரந்து எழுப்பிய மாளிகைகள்.

அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. கதிரொளியால் உணவு சமைத்து, குடியிருக்க இடந்தந்த பவளத்திற்கு அதன் பெரும்பங்கை வாடகையாகச் செலுத்துகின்றன. நிறமும் அவை தருவதே. கடல்நீர் வழக்கமான உச்ச வெப்பத்தினும் ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடிப்பின் இவ்வுறவு முறிகிறது. பாசி நீங்கிய பவளம் வெளிறுகிறது. வெளிறியது மாண்டதன்று, பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும்.

பாசிர் கூடாங் கரையில் நின்றால் நீரிணைக்கு அப்பால் தெரிவது சிங்கப்பூர். அதன் தென்தீவுகளிலும், நம் மெர்சிங்கிலிருந்து படகேறிச் செல்லும் தியோமானிலும் 1998ஆம் ஆண்டில் எல் நினோ வெப்பத்தால் பவளங்கள் வெளிறின. அவ்வாண்டுகளில் உலகப் பவளப்பாறைகளுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பங்கு அழிந்தது என்பர். 2010இல் வெப்பம் மீண்டும் வந்தது. தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் முக்குளிப்பிடங்கள் சிலவற்றை நம் அரசு தற்காலிகமாக மூடியது.

அவ்வாண்டில்தான் ஆய்வாளர் ஒரு வியப்பைக் கண்டனர். வெப்பத்துக்கு முதலில் பலியாவது கிளைப்பவளம் என்பதே அதுவரை அறிந்த பாடம். சுமத்திராவின் வடமுனையிலுள்ள வே தீவில் அப்பாடமே மெய்யாயிற்று. அங்கே கிளைப்பவளத்தில் நூற்றுக்கு 94 மாண்டன. சிங்கப்பூரிலோ அதே இனத்தில் மாண்டவை நூற்றுக்கு 5 மட்டுமே. தியோமானிலும் கிளைப்பவளம் எதிர்பார்த்ததினும் நன்கு தாங்கியது. வேறுபாடு யாது? 1998இல் வே தீவு வெளிறவில்லை. மற்ற இரண்டும் வெளிறின. நலிந்தவை அன்றே மடிய, எஞ்சிய வலியவற்றின் வழித்தோன்றல்கள் பெருகின என்று கொள்ளலாம். இவ்விரு கடல்களிலும் வெப்பம் ஏறியிறங்குவது இயல்பாகவே மிகுதி, அப்பழக்கமும் உதவியிருக்கக்கூடும்.

இதைக் கேட்டு, பவளம் தானே தன்னைக் காத்துக்கொள்ளும் என்று மகிழ்வாரும் உளர். எனக்கு அத்துணை நம்பிக்கையில்லை. தேர்வு என்பது இங்கே பேரிழப்பின் மறுபெயர். அதற்குக் காலமும் வேண்டும். விரைந்து வளரும் கிளைப்பவளத் திட்டு மீளவே ஏறக்குறையப் பத்தாண்டு செல்லும். முதல் இரு வெளிறல்களுக்கிடையே 12 ஆண்டுகள் இருந்தன. அடுத்தது ஆறே ஆண்டுகளில், 2016இல் வந்துற்றது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பெற்றது. அவ்வாண்டு சூலையில் சிங்கப்பூர்ப் பவளங்களில் நூற்றுக்கு 44 வெளிறி நின்றன. மாண்டவை பத்தில் ஒன்றுக்கும் குறைவே.