எந்தக் கருவி, எந்த வயிற்றுக்கு: குரல்வளைமேல் சுவாசக் கருவிகள் பற்றி ஓர் ஒப்பாய்வு

1. களமும் கேள்வியும்

குரோம்பேட்டை சி.எல்.சி. ஒர்க்ஸ் சாலைப் பக்கம் ஸ்ரீ பாலாஜி மருத்துவக் கல்லூரியும் ரேலா மருத்துவமனையும் இருக்கின்றன. சற்றுத் தெற்கே, டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம். ரேலாவில் நடப்பது போன்ற கல்லீரல் மாற்று அறுவைக்கு மூச்சுக்குழாய்க்குள்ளேயே குழாய் போட்டாக வேண்டும். அங்கே இந்த ஒப்பீட்டுக்கு வேலையில்லை. குடலிறக்கம், மார்பகக் கட்டி, கை எலும்பு முறிவு என்று ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும் அறுவைகளில்தான் கேள்வி எழுகிறது: குரல் நாண்களைத் தாண்டாமல், குரல்வளைக்கு மேலேயே உட்கார்ந்து காற்றனுப்பும் கருவிகளில் எது நல்லது?

கேள்வியைச் சற்றே திருத்திக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கருவிக்கு முன்னால் நோயாளியின் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

2. மூன்று கருவிகள்

2.1 கிளாசிக் எல்.எம்.ஏ. (லாரிஞ்சியல் மாஸ்க் ஏர்வே): லண்டன் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1981இல் உருவாக்கி, 1983இல் கட்டுரையாக வெளியிட்ட இது, 1988இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. சிலிக்கோன் குழாய், அதன் முனையில் காற்றடைக்கும் வளையம். குரல்வளைக்குக் காற்று போகும். வயிற்றிலிருந்து மேலே வருவதற்குத் தனிவழி கிடையாது.

2.2 ப்ரோசீல்: இதுவும் பிரெய்ன் செய்ததே, 2000இல். பக்கத்திலேயே இன்னொரு குழாய் ஓடி, உணவுக்குழாயின் வாயில் திறக்கிறது; இதுதான் வயிற்று வழி.

2.3 ஐ-ஜெல்: பிரிட்டனில் முகமது நசீர் வடிவமைத்து 2007இல் வந்தது. காற்றடைக்கும் வளையமே இல்லை. தொண்டையின் வடிவத்துக்கு வார்த்த மென்மையான ஜெல் போன்ற பொருள். வயிற்று வழி உண்டு, மிகச்சிறிய 1ஆம் அளவில் மட்டும் இல்லை.

3. அளவுகோல்கள்

3.1 செருகும் நேரம்

கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிக்கப்படும் எம்.டி. ஆய்வேடுகளில் ஐ-ஜெல்லையும் ப்ரோசீலையும் ஒப்பிடுவது திரும்பத் திரும்ப வரும் தலைப்பு. நொடிக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் ஐ-ஜெல்தான் முந்துகிறது. காற்றடைக்கும் வேலை இல்லையென்றால் முந்தாமல் என்ன செய்யும்? முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்துத் தயாராக இருக்கும் நோயாளிக்குப் பத்து நொடி முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. எளிதாக அளக்கலாம் என்பதற்காகவே நாம் இதை அளக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

3.2 கசிவு அழுத்தம்

எந்த அழுத்தத்தில் காற்று ஓரமாகக் கசிய ஆரம்பிக்கிறது என்பது இதைவிடப் பயனுள்ள எண். கிளாசிக்கில் ஏறத்தாழ 20 செ.மீ. நீரழுத்தம், ப்ரோசீலில் 30ஐ ஒட்டி. ஐ-ஜெல் பொதுவாக நடுவில் நிற்கும். பருமனானவர்களுக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் இந்த வித்தியாசம் கணக்கில் வரும். காற்று வளையமுள்ள கருவிகளில் உள்ளழுத்தம் 60ஐத் தாண்டக் கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் வாயு சிலிக்கோன் வழியாக வளையத்துக்குள் ஊடுருவி, யாரும் தொடாமலே அழுத்தம் ஏறும். தொண்டை வலியும், அரிதாக நாக்கு நரம்புக் காயமும் இதனால் வரலாம். அழுத்தமானி வைத்துப் பார்க்காமல் விரலால் பலூனை அமுக்கி "சரியா இருக்கு" என்பது அளவே ஆகாது.

3.3 வயிற்று வழி

முக்கியமான அளவுகோல் இதுதான். பிரிட்டனின் நான்காவது தேசியத் தணிக்கை (2011), மயக்க மருந்தின்போது சுவாசப் பாதைச் சிக்கலால் நேர்ந்த இறப்புகளில், வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போனதையே முதல் காரணமாகக் கண்டது. 4ஆம் அளவு ப்ரோசீலில் 16 பிரெஞ்ச் வயிற்றுக்குழாய் நுழையும். அதே அளவு ஐ-ஜெல்லில் 12தான்.

வழி இருந்தால் மட்டும் போதாது, முனை சரியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ப்ரோசீலில் வயிற்று வழியின் வெளிவாயில் ஒரு சொட்டு ஜெல்லி வைத்து, மார்பெலும்புக்கு மேலுள்ள குழியில் விரலால் மெல்லத் தட்டினால் ஜெல்லி அசையும். அசைந்தால் நல்லது. மூச்சனுப்பும்போதெல்லாம் ஜெல்லி குமிழியிட்டுப் பறந்தால் கருவியைக் கழற்றி மறுபடி போட வேண்டும். செலவில்லாத சோதனை, செய்பவர்கள்தான் குறைவு.

இனி நம்மூர்ப் பிரச்சினை. அறுவைக்கு முன் திட உணவுக்கு ஆறு மணி நேர விரதம், தண்ணீருக்கு இரண்டு.

"காலைல ஏதாவது சாப்ட்டீங்களாம்மா?"

"ஒண்ணும் சாப்பிடல சார். ஒரு வாய் காபிதான்."

பால் கலந்த காபி ஆறு மணி நேரக் கணக்கில் சேரும். நம் வீடுகளில் காபி சாப்பாட்டில் சேர்வதில்லை என்பதால், "சாப்ட்டீங்களா" என்று மட்டும் கேட்டால் விடை தவறாகவே வரும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் விரதம் இருந்தும் வயிறு காலியாகாமல் இருக்கலாம். கர்ப்பிணிகள், குடல் அடைப்புள்ளவர்கள் விஷயத்திலும் எந்த மாடல் என்று யோசிப்பதைவிட மூச்சுக்குழாய்க்குள் போடும் எண்டோட்ரக்கியல் குழாய்க்குப் போவதே சரி.

4. மறுபயன்பாடு

கிளாசிக்கையும் ப்ரோசீலையும் ஆட்டோகிளேவ் செய்து 40 முறை வரை பயன்படுத்தலாம். ஐ-ஜெல் ஒரே முறைக்கானது. அதைக் கழுவி மறுபடி போடும் ஆசை செலவுக் கணக்கிலிருந்து வருகிறது. காசநோய் மருத்துவத்துக்கே ஒரு சானடோரியம் எழுந்த வட்டாரத்தில் அந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. முறையாகக் கழுவிய எல்.எம்.ஏ.யிலும் புரதப் படிவு ஒட்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறுபயன்பாடு தேவையென்றால் அதற்கென்றே செய்த ப்ரோசீலை வாங்கி, எத்தனையாவது முறை என்று அட்டையில் குறித்து வருவது நேர்மையான சிக்கனம்.

5. குழாய் போட முடியாமல் போனால்

அகில இந்திய கடின சுவாசப்பாதைச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல், எதிர்பாராமல் குழாய் போட முடியாமல் போகும்போது குரல்வளைமேல் கருவிக்கு மாறச் சொல்கிறது. வயிற்று வழியுள்ள இரண்டாம் தலைமுறைக் கருவியே விரும்பத்தக்கது. அதற்கும் இரண்டு முயற்சிதான். இங்கே மட்டும் செருகும் நேரம் உண்மையாகவே பேசுகிறது. ஆகவே அவசரத் தட்டில் 3, 4, 5 அளவுகளில் ஐ-ஜெல் பிரிக்காமல் இருக்கட்டும். பக்கத்திலேயே கழுத்து வழியாகக் காற்றுப்பாதை திறக்கும் கத்தியும், குழாய்க்கு வழிகாட்டும் பூஜியும் இருக்க வேண்டும், இரண்டாவது முயற்சியும் தவறினால் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.