சுங்கைவேயில் பூட்டிய தட்டு

ஷா ஆலமில் ஒரு பழைய லேப்டாப்பிலிருந்து கழன்று வந்த ஹார்ட் டிஸ்க் அது. 500 ஜிபி, 2.5 அங்குலம், 7 மில்லிமீட்டர் தடிமன். வெஸ்டர்ன் டிஜிட்டல் லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் மலேசியத் தயாரிப்பு என்றிருந்தது. அப்படியானால் பூட்டிய இடம் பெட்டாலிங் ஜெயா, சுங்கைவே. கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லையென்றால் ஷா ஆலமிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. நெரிசல் இல்லாத நேரம் எது என்று மட்டும் கிள்ளான்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள்.

பூட்டியதுதான் இங்கே; உறுப்புகள் பல ஊர் பார்த்தவை. அந்த நிறுவனத்தின் படிக்கும் தலைகள் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் உருவாகி, தாய்லாந்தின் பாங் பா-இன்னில் பொடிப்பொடியாக அறுபட்டு வரும். தட்டுக்குக் காந்தப் பூச்சு போடும் ஆலை பினாங்கில். 2011 அக்டோபரில் பாங் பா-இன் வெள்ளத்தில் மூழ்கியபோது சுங்கைவேயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. ஆனாலும் உதிரி வராமல் இங்கேயும் கை கட்டப்பட்டது. உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது.

சுங்கைவே சுதந்திர வர்த்தக வட்டாரம் 1970களில் எழுந்தது. தோட்டத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பலருக்கு முதல் மாதச் சம்பளம் கொடுத்தவை இப்படிப்பட்ட மின்னணு ஆலைகள்தாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் கதையில் ரப்பருக்குக் கிடைத்த பக்கங்களில் பாதிகூட இந்த ஷிப்ட் வேலைக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை.

லேப்டாப்புக்குள் போனபின் டிஸ்க்குக்கு ஓயாத ஓட்டம். நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90. தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் தலை மிதக்கும். கேட்ட தகவல் சுழன்று தலைக்கடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, 5.6 மில்லிநொடி ஆகும்; தலை சரியான தடத்துக்கு நகரும் நேரம் தனி. ஒரு கோப்புக்கு இது ஒன்றுமில்லை. விண்டோஸ் 10 தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறதே, அங்கேதான் டிஸ்க் திணறுகிறது. ராம் கூட்டினால் சரியாகும் என்று காசைக் கொட்டுபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்று, சுழலும் தட்டே இல்லாமல் சில்லுகளில் மின்னேற்றமாகத் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி. இந்த லேப்டாப்பில் சாட்டா இணைப்பு மட்டுமே உண்டு. வேகமான என்விஎம்இ வாங்கினால் சொருக இடமிருக்காது. சாட்டாவின் உச்சம் நொடிக்கு ஏறக்குறைய 550 எம்பி. அதுவே இந்தப் பழைய மெஷினுக்குத் தாராளம். 9.5 மில்லிமீட்டர் இடமுள்ள மாடலென்றால் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாது. பழைய டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்து, கெட்ட செக்டர் ஏறிக்கொண்டிருந்தால் முதலில் படங்களை வெளியே எடுத்துவிட வேண்டும். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோனிங் அதற்குப் பிறகுதான். மற்றது சிறு வேலை: யுஎஸ்பி-சாட்டா கேபிளில் நகல், மெஷினை அணைத்து அடிமூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைப் பிரிப்பது, தாங்கியின் நான்கு திருகுகளை மாற்றிப் போட்டு நேராகத் தள்ளிச் சொருகுவது.

டிஸ்க்குக்கு முன்பே அதன் பிறந்தவீடு ஓய்வு பெற்றிருந்தது. பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018 ஜூலையில் அறிவித்தது. ஹார்ட் டிஸ்க் உற்பத்தி தாய்லாந்துக்குப் போக, பினாங்கில் எஸ்எஸ்டி ஆலை பெருகியது.

கழற்றிய டிஸ்க் இப்போது ஒரு யுஎஸ்பி உறைக்குள் இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் எஸ்எஸ்டியின் மின்னேற்றம் கசிந்து தகவல் அழியக்கூடும். காந்தத் தட்டுக்கு அந்தச் சிக்கல் குறைவு. கல்யாண ஆல்பத்தின் இரண்டாவது நகலுக்கு இதுவே போதும்.